காக்டெய்லுக்கு ஒரு பக்க இறக்கையை மட்டும் வெட்டியிருக்கிறார்கள், மறுபக்கத்தையும் வெட்டலாமா?

மலர்மதி:
வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டுக்கு ஒரு காக்டெய்ல் (கொண்டை வைத்த சின்னக் கிளி) வந்து ஒன்பது நாள் ஆகிறது. பெயர் பொட்டு. ஐந்து மாதக் குஞ்சு என்று சொல்லிக் கொடுத்தார்கள். கொடுத்தவரே "பறந்து போய்விடும்" என்று வலது இறக்கையின் இறகுகளை வெட்டித்தான் கையில் தந்தார். ஒரு பக்கம் வெட்டினால் போதும் என்றார், நானும் தலையாட்டிவிட்டேன். இப்போது கூண்டைத் திறந்தால் பறக்கப் பார்க்கிறான், உடனே வலப்பக்கமாகச் சுழன்று கல் மாதிரி விழுகிறான். நேற்று அலமாரி மேலிருந்து விழுந்து நெஞ்சில் அடி. கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கினான். இடதையும் வெட்டினால் சமமாகிவிடும் என்கிறார்கள் வீட்டில். கத்தரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

கூண்டுக்காரர்:
முதலில் அந்தக் கத்தரிக்கோலை உள்ளே வையுங்கள் அம்மா. இப்போதைய கவலை இறக்கை இல்லை, நெஞ்சு. விழும் பறவை முதலில் நெஞ்செலும்பில்தான் அடி வாங்கும். அதன் மேல் தோல் மெலிதாகத்தான் இருக்கும், சட்டென்று பிளந்துவிடும். நெஞ்சு இறகுகளை லேசாக ஊதி விலக்கிப் பாருங்கள். ரத்தம், வீக்கம், காயம் ஏதாவது தெரிகிறதா? சும்மா உட்கார்ந்திருக்கும்போது வாலை மேலும் கீழும் ஆட்டி மூச்சு விடுகிறானா? இதில் எது இருந்தாலும் இன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பிடிக்கும்போது நெஞ்சை அழுத்தக் கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கினால்தான் மூச்சே.

நீலவால்:
அவர் சொன்னதையெல்லாம் முதலில் பாருங்கள். ஆனால் வெட்டவே கூடாது என்பதை நான் ஏற்கமாட்டேன். இரண்டு பக்கமும் சமமாக, வெளிப்புற இறகுகளில் நாலைந்தை மட்டும் வெட்டினால் பறவை கீழே சரிந்து இறங்கும், பொத்தென்று விழாது. சுழலும் மின்விசிறியும் திறந்த ஜன்னலும் இருக்கிற வீட்டில் இது ஒரு பாதுகாப்பு. நான் இரண்டு காக்டெய்லுக்கும் அப்படித்தான் செய்தேன். ஒரு பக்கம் மட்டும் வெட்டுவதுதான் மடத்தனம். அதில் பறவைக்குச் சமநிலையே போய்விடும்.

கூண்டுக்காரர்:
நீலவால், உங்கள் பறவைகள் முதலில் நன்றாகப் பறந்து பழகினவையா? குஞ்சு இறங்கக் கற்றுக்கொள்வதே பறந்து பறந்துதான். வேகத்தைக் குறைத்து, வாலை விரித்து, காலை முன்னே நீட்டிக் குச்சியைப் பிடிக்க வேண்டும். அது பழகுவதற்குள் வெட்டிவிட்டால் பிறகும் தடுமாறிக்கொண்டே இருக்கும். மின்விசிறியை நிறுத்த சுவிட்ச் இருக்கிறது, இதற்குக் கத்தரிக்கோல் எதற்கு?

நீலவால்:
பறந்து பழகினவைதான். அது சரி, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மலர்மதி:
நெஞ்சில் காயம் இல்லை, கொஞ்சம் சிவந்திருக்கிறது. வால் ஆடவில்லை. வெட்டிய பக்கத்தை விரித்துப் பார்த்தேன். ஏழு இறகு ஒட்ட வெட்டப்பட்டிருக்கிறது. நடுவில் ஒன்று மட்டும் குட்டையாக, காம்பு கறுத்து நீலமாக, மேலே உறை போட்டது போல இருக்கிறது. அது என்ன?

கூண்டுக்காரர்:
ஏழா! ஒரு பக்க இறக்கையில் வெளிப்புறப் பறக்கும் இறகு மொத்தமே பத்துதான், வீழாமல் என்ன செய்யும்? அந்தக் கறுத்த காம்பு ரத்த இறகு. வளர்ந்துகொண்டிருக்கும் இறகுக்குள் ரத்தம் ஓடும், வளர்ந்து முடிந்ததும் அது வற்றிக் காம்பு வெளுத்துவிடும். வற்றிய இறகை வெட்டினால் நகம் வெட்டுவது போல, வலிக்காது. ரத்த இறகை வெட்டினாலோ உடைந்தாலோ ரத்தம் கொட்டும். காக்டெய்ல் உடம்பு எடையே நூறு கிராம் சுற்றுவட்டாரம், அதில் எவ்வளவு ரத்தம் இருந்துவிடும்? உடைந்தால் சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) வைத்து, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

இரவில் சின்ன விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். காக்டெய்ல்கள் இருட்டில் மிரண்டு கூண்டுக்குள் படபடவென்று அடித்துக்கொள்ளும். ரத்த இறகு உடைவது பெரும்பாலும் அப்போதுதான்.

சும்மா_வந்தேன்:
கூண்டைத் திறக்காமலே வைத்தால் பிரச்சினையே இல்லையே?

நீலவால்:
உங்கள் பெயருக்கு ஏற்ற பதில்.

தினைக்கதிர்:
மலர்மதி, வெட்டிய இறகு அப்படியே வளராது. அடிக்காம்பு உதிர்ந்து அந்த இடத்தில் புதிது முளைக்க வேண்டும். ஒன்றிரண்டாகத்தான் உதிரும், முழுதும் மாற மாதங்கள் ஆகும். புதிதாக முளைக்கும் இறகுக்குப் பக்கத்தில் முட்டுக்கொடுக்க நீள இறகு இல்லாததால் எளிதில் உடையும். இடதையும் வெட்டினால் இந்த ஆபத்து இரண்டு மடங்காகும். அதுவரை உயரத்தைக் குறையுங்கள். கூண்டைத் தரைக்குப் பக்கத்தில் இறக்கி, குச்சிகளைத் தாழ்த்தி, கீழே கனமான விரிப்பைப் போடுங்கள். ஏறி இறங்க ஏணி வையுங்கள்.

இன்னொன்று. "வெட்டியிருக்கிறதே" என்று தோளில் வைத்துக்கொண்டு வெளியே போகாதீர்கள். நான் போனேன். இரண்டு இறகு முளைத்திருந்ததைக் கவனிக்கவில்லை. காற்று ஒரு வீசு வீசியது, அவ்வளவுதான். போனது திரும்ப இறங்கத் தெரியாத பறவை. மூன்று நாள் மரம் மரமாகத் தேடினேன்.

மலர்மதி:
கிடைத்ததா?

தினைக்கதிர்:
இல்லை.

மலர்மதி (பன்னிரண்டு நாள் கழித்து):
மருத்துவரிடம் காட்டினேன். எலும்பு முறிவு இல்லை, உள்காயம்தான். இடதை வெட்டச் சொல்லவில்லை. வல்லூறு பழக்குகிறவர்கள் செய்வது போல, உதிர்ந்த இறகை வெட்டிய காம்பில் ஒட்டவும் முடியுமாம். இவனுக்கு அது வேண்டாம், காத்திருந்தால் போதும் என்றார். தரையில் மெத்தை, இரண்டு ஏணி என்று வீடே மாறிவிட்டது. அந்த ரத்த இறகு உடையாமல் பாதி நீளம் வந்துவிட்டது, பக்கத்தில் இன்னொன்றும் தலைகாட்டுகிறது. குச்சி நுனியைத் தொட்டால் தினை என்று பழக்குகிறேன், ஏணியில் நாலு படி ஏறி வருகிறான். பறக்க ஆரம்பிப்பதற்குள் கூப்பிட்டால் வரப் பழகிவிட்டால் நல்லதுதானே?

தினைக்கதிர்:
அதைவிட நல்லது வேறில்லை. ஒரே சொல், ஒரே குரலில் கூப்பிடுங்கள். வீட்டில் ஆளுக்கொரு விதமாகக் கூப்பிட்டால் குழம்பிவிடுவான்.

கூண்டுக்காரர்:
அப்புறம், "அவன்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதல் முறை இறகு மாற்றும் வரை எல்லாக் குஞ்சும் பெண் போலத்தான் இருக்கும். புது இறகு வந்த பிறகும் வாலின் அடியில் வரிவரியாக இருந்தால் பொட்டு ஒரு பெண்பிள்ளை.

மலர்மதி:
இப்போதே எட்டிப் பார்த்தேன். வரி இருக்கிறது. இன்னும் சில மாதம் பார்க்கலாம்.