ஐஸ்பெல்லின் சொந்த அகராதியைச் சுருக்கியபின் பிழைகள் தப்புகின்றன: மன்ச்லிஸ்ட் உதவுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் எழுதும் தொழில்நுட்ப ஆவணங்களுக்குப் பல ஆண்டுகளாக ஐஸ்பெல் என்ற எழுத்துப்பிழை திருத்தியைத்தான் பயன்படுத்தி வருகிறேன். பிழை பார்க்கும்போதெல்லாம் ‘ஐ’ விசையை அழுத்திப் புதிய சொற்களைச் சேர்த்ததில், என் சொந்த அகராதி ஏறத்தாழ 3,000 வரிகளுக்கு வளர்ந்துவிட்டது. ஒரே வினைச்சொல்லின் ஐந்தாறு வடிவங்கள் தனித்தனி வரிகளாக நிற்கின்றன. முதன்மை அகராதியில் உள்ளதுபோல் வேர்ச்சொல்லை எழுதிச் சாய்கோடிட்டு, அது ஏற்கும் ஒட்டுகளின் (‘இங்’ போல வேரோடு சேரும் பகுதிகளின்) குறியெழுத்துகளைச் சேர்த்துவிட்டால் பட்டியல் சுருங்கும் என எண்ணினேன். ஆகவே முழுப் பட்டியலையும் ஐஸ்பெல்லின் ‘சி’ தெரிவுக்குக் கொடுத்து, கிடைத்த வெளியீட்டை வரிக்கு ஒரு சொல்லாகப் பிரித்து, பழைய அகராதியின் இடத்தில் வைத்தேன்.

இப்போது கோப்பு சுருங்குவதற்கு மாறாகப் பெருத்திருக்கிறது. அதைவிடக் கவலை தருவது, ‘பார்ஸ்’ என்ற சொல்லைக் கடைசி எழுத்தான ‘ஈ’ இல்லாமல் தட்டச்சு செய்தாலும் ஐஸ்பெல் பிழை என்று காட்டுவதில்லை என்பது. பழைய அகராதியின் படியை நான் எடுத்து வைக்கவில்லை. ‘சி’ தெரிவின் மூல வெளியீடு மட்டும் ஒரு கோப்பில் இருக்கிறது. ஐஸ்பெல்லுடன் வரும் மன்ச்லிஸ்ட் என்ற துணைநிரல் இந்த வேலைக்கானதுதானா? இருப்பதைக் கொண்டு அகராதியை மீட்க முடியுமா?

முதல் மறுமொழி

மீட்க முடியும். ஆனால் என்ன நடந்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது, இல்லையேல் இதே தவறு திரும்ப நேரும்.

‘சி’ தெரிவு சொற்களைச் சுருக்குவதில்லை. ஒரு சொல் எந்தெந்த வேரிலிருந்து பிறந்திருக்கக்கூடும் என்று ஒட்டு விதிகளை மட்டும் வைத்துக் கணித்து, எல்லா ஊகங்களையும் அது எழுதிவிடுகிறது. அந்த வேர் உண்மையில் வழங்கும் சொல்தானா என்று பார்ப்பதில்லை. ஐஸ்பெல்லின் கையேடே ‘பாதர்’ என்ற சொல்லை இதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது: அதைக் கொடுத்தால் அந்தச் சொல்லும், கடைசி ‘ஆர்’ மட்டும் நீங்கிய, ஆங்கிலத்திலேயே இல்லாத ஒரு வேரும், ‘ஈ’, ‘ஆர்’ இரண்டும் நீங்கிய ‘போத்’ என்ற வேரும் ஒரே வரியில் வருகின்றன. உங்கள் பட்டியலில் ‘பார்சர்’ இருந்திருக்கும். அதிலிருந்து ‘ஈ’ உள்ள வேர் ஒன்றும் ‘ஈ’ இல்லாத வேர் ஒன்றுமாக இரண்டு ஊகங்கள் பிறந்தன. இரண்டையும் நீங்கள் அகராதியில் இட்டதால் பிழையான வடிவமும் முறையான சொல்லாகிவிட்டது.

மன்ச்லிஸ்ட் செய்வது இதற்கு அடுத்த படி. அதுவும் உள்ளுக்குள் ‘சி’ தெரிவைத்தான் அழைக்கிறது. ஆனால் நீங்கள் கொடுத்த பட்டியலில் இல்லாத வேர்களையும், பட்டியலில் இல்லாத சொல்லைப் பிறப்பிக்கும் ஒட்டுகளையும் வடிகட்டிவிட்டு, அதே சொற்களை உள்ளடக்கும் மிகச் சிறிய வேர்த் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கிறது. ‘பார்ஸ்’ என்ற வினையும் அதன் நிகழ்கால, இறந்தகால, ‘இங்’ வடிவங்களும் பட்டியலில் இருந்தால், நான்கும் ஒரே வேராகி ‘டி’, ‘ஜி’, ‘எஸ்’ என்ற குறிகளோடு ஒரு வரியில் அடங்கும். ‘பார்சர்’ மட்டும் தனியே இருந்தால் அது தனிச்சொல்லாகவே நிற்கும்.

மீட்புக்கு உங்களிடம் உள்ள மூல வெளியீடு போதும். அதன் ஒவ்வொரு வரியிலும் முதலில் நிற்பது நீங்கள் கொடுத்த சொல். ஊகங்கள் அதன்பின் வருகின்றன. ஆகவே முதல் இடைவெளிவரை உள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் பழைய பட்டியல் திரும்பக் கிடைத்துவிடும். அதை மன்ச்லிஸ்ட்டுக்குக் கொடுத்து, வெளியீட்டை வேறொரு பெயரில் சேமியுங்கள். உள்ளீட்டுக் கோப்பின் பெயரையே வெளியீட்டுக்கும் கொடுத்தீர்களானால், மன்ச்லிஸ்ட் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே கட்டளைகளை இயக்கும் ஷெல் அந்தக் கோப்பை வெறுமையாக்கிவிடும்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னதோடு ஒரு சரிபார்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இதைச் செய்யாமல் எந்த அகராதியையும் மாற்றுவதில்லை. ‘சி’க்கு நேர்மாறானது ‘ஈ’ தெரிவு: குறிகளோடு உள்ள வேரைக் கொடுத்தால் அதிலிருந்து பிறக்கும் எல்லாச் சொற்களையும் விரித்து எழுதும். சுருக்குவதற்கு முந்தைய பட்டியலையும் பிந்தையதையும் இவ்வாறு விரித்து, வரிக்கு ஒரு சொல்லாக்கி, அகரவரிசைப்படுத்தி, ஒன்றோடொன்று ஒப்பிட்டால் இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

மன்ச்லிஸ்ட்டின் ‘எஸ்’ தெரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு முதன்மை அகராதியின் ஹாஷ் கோப்பை (ஐஸ்பெல் படிப்பதற்காகத் தொகுக்கப்பட்ட அகராதிக் கோப்பை) கொடுத்தால், அங்கு ஏற்கெனவே உள்ள சொற்களை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். சொந்த அகராதிக்கு இது மிகப் பயனுள்ளது என்றாலும், நீக்கப்படுவது அந்த ஒரு ஹாஷ் கோப்பை நம்பித்தான் என்பதை மறக்கக் கூடாது. ஐஸ்பெல்லின் ஆங்கில அகராதி பல அளவுகளில் வருகிறது. பெரியதை வைத்துக் களைந்த பட்டியலைச் சிறிய அகராதி உள்ள கணினிக்கு எடுத்துச் சென்றால், நீங்கள் சேர்த்த சொற்களே பிழைகளாகத் தோன்றும். ஆகவே களையாத முழுப் பட்டியலை மூலமாகப் பாதுகாத்து, ஒவ்வொரு கணினிக்கும் அதிலிருந்து தனியே உருவாக்குவதே என் வழக்கம்.

வேகத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். 15,000 வேர்களும் 45,000 விரித்த சொற்களும் கொண்ட அகராதியைச் சுருக்கச் சிறிய பணிநிலையம் ஒன்றில் ஒரு மணி நேரம் ஆகும் என்றும், தற்காலிக இடம் மூல அகராதியைப் போல் 10 முதல் 40 மடங்கு வேண்டும் என்றும் கையேடு கூறுவது அக்காலக் கணினிகளுக்கானது. உங்கள் 3,000 சொற்களுக்கு இன்று அது ஒரு பொருட்டே அல்ல.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. முதல் இடைவெளிவரை வெட்டியதில் பட்டியல் முழுவதும் திரும்பக் கிடைத்தது. மன்ச்லிஸ்ட் ஓடி முடித்தபின் ‘ஈ’ தெரிவால் விரித்து ஒப்பிட்டேன்; ஒரு சொல்லும் கூடவோ குறையவோ இல்லை. ‘ஈ’ இல்லாத ‘பார்ஸ்’ இப்போது பிழையாகவே காட்டப்படுகிறது. ஆனால் சில சொற்கள் வாக்கியத்தின் தொடக்கத்தில் ஏற்கப்பட்டு, நடுவில் சிறிய எழுத்தில் வரும்போது மட்டும் பிழை எனப்படுகின்றன. இது சுருக்கியதனால் வந்த விளைவா?

முதல் மறுமொழி அளித்தவர்

இல்லை, அது சேர்த்தபோதே நேர்ந்தது. அகராதியில் சிறிய எழுத்தில் உள்ள சொல்லை ஐஸ்பெல் எல்லா நிலைகளிலும் ஏற்கும். பெரிய எழுத்தில் தொடங்கும்படி பதிந்த சொல்லைப் பெயர்ச்சொல்லாகக் கருதி, சிறிய எழுத்தில் வந்தால் மறுக்கும். வாக்கியத்தின் முதற்சொல்லை ‘ஐ’ விசையால் சேர்க்கும்போது அந்தப் பெரிய எழுத்தும் அப்படியே பதிவாகிறது. அத்தகைய இடங்களில் ‘யு’ விசையை அழுத்தினால் சொல் சிறிய எழுத்திலேயே சேரும்.

ஏற்கெனவே பதிந்தவற்றை மன்ச்லிஸ்ட் தானாகத் திருத்தாது, திருத்தவும் கூடாது, ஏனெனில் உண்மையான பெயர்கள் எவை என்று அதற்குத் தெரியாது. மீட்டெடுத்த பட்டியலில் பெரிய எழுத்தில் தொடங்கும் வரிகளை மட்டும் தனியே எடுத்து, பெயர் அல்லாதவற்றைக் கையால் மாற்றிவிட்டு, மறுபடியும் ஒருமுறை மன்ச்லிஸ்ட்டை ஓட்டுங்கள்.