மருத்துவக் கவனக்குறைவால் கால் இழந்த தம்பிக்கு எந்தெந்த வகையில் இழப்பீடு கோரலாம்?

மூத்தவள் எழுதியது:

வணக்கம். என் தம்பிக்கு வயது 27, மின்பணியாளர். ஏணியிலிருந்து தவறி விழுந்ததில் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் சேர்த்த அன்று மாலையே மாவுக்கட்டு போட்டார்கள். இரவு ஒன்பது மணியிலிருந்தே வலி தாங்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். பதினொரு மணிக்குக் கால்விரல்கள் மரத்துவிட்டன. பெருவிரலை நான் லேசாக மேலே தூக்கியதற்கே அலறிவிட்டான். எலும்பு முறிந்தால் வலிக்கத்தான் செய்யும் என்று சொல்லி, பணியில் இருந்த செவிலியர் இரண்டு முறை வலிநிவாரணி ஊசி போட்டார். மருத்துவர் வந்து கட்டைப் பிரித்தது மறுநாள் காலை எட்டரை மணிக்கு. கட்டுக்குள் வீக்கம் முற்றி, அழுத்தத்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசைகள் செத்துவிட்டன என்றார்கள். பன்னிரண்டாம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை அகற்ற வேண்டியதாயிற்று.

இது நடந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. மருத்துவமனைத் தரப்பில் ஒருவர் வந்து பேசினார். சிகிச்சைக் கட்டணம் முழுவதையும் திருப்பித் தந்து, அதற்கு மேல் ஒரு செயற்கைக் காலுக்கான தொகையும் தருவார்களாம்; அத்துடன் விவகாரம் முடிந்தது என்று தம்பி கையெழுத்திட வேண்டுமாம். கட்டணத்தைத் தவிர வேறு எந்தெந்த வகைகளில் இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது? அவன் துடித்த அந்த ஓர் இரவுக்குக் கணக்கு உண்டா? அவனைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருக்கும் அம்மாவின் உழைப்பு எந்தக் கணக்கில் வரும்?

வாய்தா எழுதியது:

கையெழுத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: இப்போது போட வேண்டாம்.

தவறு நடந்திராவிட்டால் பாதிக்கப்பட்டவர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, பணத்தால் இயன்ற வரை அந்த நிலைக்கு அவரைக் கொண்டு சேர்ப்பதுதான் இழப்பீட்டின் அடிப்படை. இதில் ‘தவறு நடந்திராவிட்டால்’ என்ற சொற்களை எதிர்த்தரப்பு இறுகப் பிடித்துக்கொள்ளும். தங்கள் தம்பி ஏணியிலிருந்து விழுந்ததற்கு மருத்துவமனை பொறுப்பல்ல. எலும்பு முறிவுக்கான கட்டணமும், எலும்பு கூடும் வரை வேலைக்குப் போக முடியாத சில மாதங்களின் வருமானமும் எப்படியும் போயிருக்கும். அவற்றைக் கழித்துவிட்டு, காலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நேரத்தில் கட்டைப் பிரிக்காததால் கூடுதலாக விளைந்த கேட்டுக்குத்தான் கணக்கு. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் பெருந்தன்மையோடு திருப்பித் தருவதாகச் சொல்லும் கட்டணத்தில் ஒரு பகுதி சட்டப்படி அவர்கள் தர வேண்டியதே இல்லை. தர வேண்டிய பெருந்தொகைகளைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

பொருளாதார இழப்பு என்ற பிரிவில் ரசீது உள்ளவற்றைக் கேட்பது எளிது: காலை அகற்றிய அறுவை, மருந்து, இயன்முறைச் சிகிச்சை, போக்குவரத்து. ரசீது இல்லாதவைதான் பெரியவை. இதுவரை கிடைக்காமற்போன சம்பளம் வேறு, ஈட்டும் திறனையே இழந்தது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கோர வேண்டும். ஏணி ஏற முடியாத மின்பணியாளர் நாளை உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்றுக்குப் போகக்கூடும். அப்போது பழைய வருமானத்துக்கும் புதிய வருமானத்துக்கும் உள்ள வேறுபாடு ஆண்டு இழப்பாகும். அதை எஞ்சிய உழைப்புக் காலத்தால் அப்படியே பெருக்கிவிட மாட்டார்கள். மொத்தப் பணமும் இன்றே கைக்கு வந்தால் அது வட்டி ஈட்டும் என்பதால், ஆண்டுகளின் எண்ணிக்கையைவிடக் குறைந்த ஒரு பெருக்கு எண்ணை எடுத்துக்கொள்வார்கள். அந்த எண் ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் முடிவுத் தொகை வெகுவாக மாறும் என்பதால் இரு தரப்பும் அதிகம் மல்லுக்கட்டுவது இங்கேதான்.

அம்மாவின் உழைப்புக்கு ரசீது இல்லையே தவிர மதிப்பு உண்டு. அதே பணிக்குக் கூலிக்கு ஒருவரை அமர்த்தினால் என்ன ஆகுமோ அதை அளவாகக் கொண்டு பல நாடுகளில் மதிப்பிடுகிறார்கள். இங்கிலாந்தில், அப்படித் தரப்படும் பணம் பராமரித்தவருக்காகவே பாதிக்கப்பட்டவரின் கையில் இருக்கிறது என்று 1994-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. இன்றிலிருந்தே ஒரு குறிப்பேட்டில் தேதி, மணி, செய்த வேலை ஆகியவற்றை அம்மா எழுதி வரட்டும்.

அந்த ஓர் இரவுக்கும் கணக்கு உண்டு. உடல் வலி, மன உளைச்சல், உறுப்பை இழந்த துயரம், முன்பு மகிழ்ந்து செய்தவற்றைச் செய்ய முடியாமை ஆகியவை பொருளாதாரம் சாராத இழப்பு என்ற பிரிவில் வரும். இதற்கு அளவுகோல் கிடையாது. முந்தைய தீர்ப்புகள்தாம் வழிகாட்டி. சில இடங்களில் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1975-இல் இந்தப் பிரிவுக்கு 2,50,000 டாலர் என்று வரம்பு விதித்தவர்கள், விலைவாசி எவ்வளவோ ஏறிய பிறகும் 2022 முடியும் வரை அதை ஒரு டாலர்கூட உயர்த்தவில்லை. 2023 முதல்தான், உயிர்ச்சேதம் இல்லாத வழக்குகளில் 3,50,000, உயிர்ச்சேதம் நேர்ந்த வழக்குகளில் 5,00,000 என்று தொடங்கி ஆண்டுதோறும் ஏற்றி வருகிறார்கள். பொருளாதார இழப்புக்கு அங்கே அத்தகைய வரம்பு இல்லை.

தவறு செய்தவரைத் தண்டிப்பதற்காகக் கூடுதலாக விதிக்கும் தண்டனை இழப்பீடு என்றும் ஒன்று உண்டு. வெறும் கவனக்குறைவுக்கு அதைத் தருவது அரிது. தெரிந்தே உயிரைப் பொருட்படுத்தாமல் நடந்துகொள்வது, ஏமாற்றுவது, ஆவணத்தைத் திருத்துவது போன்ற நடத்தை மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

ஒற்றைச்செருப்பு எழுதியது:

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் பதினாறு ஆண்டுகளாகச் செயற்கைக் காலில் நடப்பவன் என்ற முறையில், ‘ஒரு செயற்கைக் காலுக்கான தொகை’ என்ற சொல்லைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் ஆண்டில் வெட்டுப்பட்ட காலின் முனை சுருங்கிக்கொண்டே போகும். அந்த முனையை உள்ளே வாங்கிக்கொள்ளும் கிண்ணம் போன்ற பகுதியான சாக்கெட், இன்று பொருந்தினாலும் சில மாதங்களில் கலகலத்துவிடும். காலுறையின் மேல் காலுறையாக மூன்று நான்கு போட்டு இட்டு நிரப்பி, அதற்கு மேலும் முடியாதபோது சாக்கெட்டையே மாற்ற வேண்டியிருக்கும். உள்ளே அணியும் சிலிக்கான் உறை கிழிந்துகொண்டே இருக்கும். முழுக் காலும் சுமார் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தேய்ந்துவிடும். தங்கள் தம்பி 70 வயது வரை நடமாடுவார் என்று வைத்துக்கொண்டு, நான்கு ஆண்டுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காலுக்கு விலை பேசிக் கையெழுத்து கேட்கிறார்கள். அவருக்குத் தேவைப்படப்போவதோ பத்துக்கும் மேற்பட்ட கால்கள்.

தோலில் புண் வந்தால் ஆறும் வரை காலை மாட்ட முடியாது. அந்த நாட்களில் ஊன்றுகோல்தான். குளியலறையில் ஈரத்தரையில் ஒற்றைக் காலில் நிற்கும்போது பிடித்துக்கொள்ளச் சுவரில் கைப்பிடி வேண்டும். இல்லாத காலின் சுண்டுவிரலில் எனக்கு இன்றும் சில இரவுகளில் வலிக்கிறது; அதற்கு மருந்து சாப்பிடுகிறேன். இவை அனைத்தும் செலவுதான். ஒரு பட்டியலாக எழுதி, செயற்கைக்கால் பொருத்துநரிடமும் மறுவாழ்வு மருத்துவரிடமும் ஒப்பம் வாங்கி வையுங்கள்.

கரைவழி எழுதியது:

மேலே இருவரும் எழுதியதோடு, பணம் வரும் முறையைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்ற சொற்களுடன் கையெழுத்திட்டுவிட்டால், பிறகு முழங்காலுக்கு மேலே இன்னோர் அறுவை தேவைப்பட்டாலும் பொதுவாகத் திரும்பக் கேட்க முடியாது. வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகை கோர இடம் உள்ள நாடுகள் உண்டு. மொத்தமாக வாங்குவதற்குப் பதிலாக, வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் வரும்படி ஆணையிடும் அதிகாரம் 2005 முதல் இங்கிலாந்து நீதிமன்றங்களுக்கு இருக்கிறது. பணம் தீர்ந்த பிறகும் ஆயுள் மிஞ்சியிருக்கும் அச்சம் இதில் இல்லை.

வட்டியையும் கோரிக்கையில் மறவாமல் சேர்க்க வேண்டும். 1998-இல் நிகழ்ந்த ஒரு மரணத்துக்காக இந்திய உச்ச நீதிமன்றம் 2013-இல் ஏறத்தாழ ஆறு கோடி ரூபாய் வழங்கியபோது, புகார் கொடுத்த நாளிலிருந்து 6 விழுக்காடு வட்டியும் சேர்த்துத் தர ஆணையிட்டது. அத்தனை ஆண்டுக் காத்திருப்பில் வட்டி எவ்வளவு ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லா நாட்டிலும் வழக்கு ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. நியூசிலாந்தில் 1974 முதல், யார் தவறு என்று மெய்ப்பிக்காமலேயே பொதுநிதியிலிருந்து சிகிச்சைச் செலவையும் வருமானத்தின் ஒரு பகுதியையும் பெறலாம். அதற்கு மாற்றாக, உடற்கேட்டுக்கு ஈடு கேட்டு வழக்குத் தொடுக்கும் உரிமை அங்கே பெரும்பாலும் கிடையாது. மற்ற இடங்களில் வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு முக்கியம். ஓராண்டே தரும் சட்டங்களும் இருக்கின்றன. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அந்தக் காலம் பொதுவாக நின்றுவிடுவதில்லை. ஏழு மாதங்கள் கழிந்துவிட்டன என்கிறீர்கள்.

மூத்தவள் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மருத்துவப் பதிவேட்டின் நகல் நேற்று கைக்கு வந்தது. அன்று இரவு பதினொரு மணி, ஒரு மணி, மூன்று மணி ஆகிய மூன்று கட்டங்களிலும் ‘விரல்கள் சூடாக உள்ளன, அசைவு உண்டு’ என்று எழுதியிருக்கிறது. மூன்றும் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியவை போலத் தெரிகின்றன. மூன்று மணிக்கு யாரும் அறைக்குள் வரவே இல்லை. நான் விழித்துத்தான் இருந்தேன்.

வாய்தா எழுதியது:

அதை இப்போது அவர்களிடம் சொல்ல வேண்டாம். மூலப் பதிவேட்டை அப்படியே பாதுகாத்து வைக்கும்படி வழக்குரைஞர் மூலம் எழுத்தில் கோருங்கள். மருத்துவமனையில் கணினிப் பதிவும் இருந்தால், எந்தப் பதிவு எந்த நேரத்தில் ஏறியது என்ற விவரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஊசி மருந்து வழங்கிய பதிவு தனியாக இருக்கும். அதில் குறித்த நேரங்களை இந்த மூன்று கட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தசை மீளாத அளவுக்குச் சிதைய ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும் என்பது மருத்துவ நூல்களில் உள்ளது; எனவே பதினொரு மணிக்கு விரல் மரத்திருந்ததை நிறுவினால், கட்டை உடனே பிரித்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்று எலும்பு மருத்துவ வல்லுநர் ஒருவர் கருத்துரைக்க வழி பிறக்கும். அந்த இரவில் தாங்கள் யாருக்காவது தொலைபேசியில் பேசியிருந்தாலோ செய்தி அனுப்பியிருந்தாலோ அவற்றை அழித்துவிட வேண்டாம்.

மூத்தவள் எழுதியது:

10.52-க்கு அம்மாவுக்கு அனுப்பிய செய்தி இருக்கிறது: ‘விரலைத் தொட்டால் தெரியவில்லை என்கிறான், நர்ஸைக் கூப்பிடப் போகிறேன்.’