சாகப்போகும் செடிதானே, ஒரு கொத்துப் பறித்தால் என்ன?

மலைவழி:
2018-இல் மூணாறு மலைச்சரிவில் பறித்த நீலக்குறிஞ்சிக் கொத்தைப் புத்தகத்துக்குள் அழுத்திப் பாதுகாத்து வருவதாகப் பனித்துளி நேற்றுப் பெருமையுடன் எழுதியிருந்தார். “பூத்து முடிந்ததும் எப்படியும் சாகப்போகும் செடிதானே, ஒரு கொத்துப் பறித்தால் என்ன குறைந்துவிடும்?” என்றும் கேட்டிருந்தார். அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. சாகப்போகிறது என்பதால்தான் பறிக்கக் கூடாது. மல்லிகையைப் பறித்தால் கொடி மறுபடியும் பூக்கும். நீலக்குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, ஒரே முறை பூத்து, விதைவிட்டு மடிகிறது. அந்த விதையைத் தவிர அது விட்டுச்செல்வது வேறொன்றும் இல்லை.

பனித்துளி:
மலை முழுவதும் பூத்திருந்தபோது நான் எடுத்தது ஒரே ஒரு கொத்து. செடிகள் ஒருசேரப் பூத்து விதைப்பதே, தின்னும் உயிர்கள் தின்றது போக விதை மிஞ்சட்டும் என்பதற்காகத்தான் என்று தாவரவியலில் ஒரு விளக்கம் உண்டு. அவ்வளவு மிச்சத்தில் என் ஒரு கொத்து எந்த மூலைக்கு?

மலைவழி:
ஒரு கொத்து, ஒரு கொத்து என்று இன்னும் எத்தனை முறை சொல்வீர்கள்? ஒரு பூ காயானால் அதில் நான்கு விதைகள் வரை இருக்கும். புத்தகத்தைத் திறந்து, உங்கள் கொத்தில் எத்தனை பூக்கள் என்று எண்ணிப் பாருங்கள். அன்று அங்கே வந்த ஒவ்வொருவரும் இதே கணக்கைப் போட்டிருந்தால், அந்தக் கொத்தை எட்டிப் பறிப்பதற்காகப் பாதையை விட்டு இறங்கிய கால்கள் மிதித்த செடிகளையும் சேர்த்தால், எவ்வளவு ஆகும்?

சோலைக்காடு:
இருவரும் எந்தக் குறிஞ்சியைச் சொல்கிறீர்கள்? மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்தப் பேரினத்தைச் சேர்ந்த செடிகள் பல உண்டு. எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப் பொருந்தாது. மேலும், குறிஞ்சி வளர்ந்த புல்வெளிகளை விழுங்கியவை தேயிலைத் தோட்டங்களும் சீகை மரங்களும் யூகலிப்டசும்தான்.

மலைவழி:
சீகை மரத்தை நட்டவர் யாரும் இங்கே பெருமை பேச வரவில்லை. கொத்தைப் பறித்தவர் வந்திருக்கிறார், அவரிடம்தான் கேட்கிறேன்.

பனித்துளி:
காட்டோரத்தில் செங்காந்தள் கிழங்கைத் தோண்டி வந்து வீட்டில் நட்டதாகச் சென்ற ஆண்டு எழுதியவர் நீங்கள்தானே? அப்போது இந்த விதைக் கணக்கு எங்கே போயிற்று?

மலைவழி:
சாலையை அகலப்படுத்த மண்வெட்டும் இயந்திரம் வந்து நின்ற வேலியோரத்தில் இருந்த கிழங்கு அது. மறுநாள் அந்த வேலியே இல்லை. இதை அன்றே எழுதியிருந்தேன்; அதை விட்டுவிட்டுக் கிழங்கை மட்டும் நினைவில் வைத்திருக்கிறீர்கள். நான் 2006-இலும் 2018-இலும் குறிஞ்சி பார்க்கப் போனேன். இரண்டாம் முறை, ஆகஸ்டு வெள்ளத்தில் சாலைகள் சிதைந்திருந்ததால், சுற்றி அலைந்துதான் போய்ச் சேர்ந்தேன். பாதையில் நின்றபடியே, மேகம் விலகும்போதெல்லாம் சரிவு முழுவதும் ஊதாநீலமாக விரிவதையும் தேனீக்கள் ஓயாமல் மொய்ப்பதையும் மாலை வரை பார்த்துவிட்டு, இரண்டு முறையும் வெறுங்கையோடுதான் திரும்பினேன். உங்கள் புத்தகத்தில் இருப்பது அந்த நீலமா? நீங்கள் இட்ட படத்தில் பழுப்புச் சருகுதான் தெரிகிறது.

சோலைக்காடு:
1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் பட்டியலில் இப்போது நீலக்குறிஞ்சியும் இருக்கிறது. இதையும் இருவரும் கவனிக்க வேண்டும்.

பனித்துளி:
அது 2023-இல் வந்த செய்தி. நான் பறித்தது 2018-இல். அந்தச் சருகைப் பார்த்துத்தான் என் மகள் குறிஞ்சியைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள், அடுத்த முறை போக வேண்டும் என்கிறாள். அதை யாரும் இழிவாகப் பேச வேண்டாம். கேட்ட கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை: ஒரு கொத்தால் எந்த மலை மொட்டையானது?

மலைவழி:
விடையை மூன்று முறை எழுதிவிட்டேன். 2030-இல் உங்கள் மகளை அழைத்துச் செல்லும்போது, அவளும் ஒரு கொத்துக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள்.

பனித்துளி:
என் மகளுக்கு என்ன சொல்வது என்பது எனக்குத் தெரியும். முதலில் அந்தக் கிழங்கை எடுத்த இடத்தின் படத்தைக் காட்டுங்கள்.