வெள்ளைச்சட்டைப் பையன்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள், அம்மாவுக்கு வருத்தம்

மலர்_ஈசூன்:

எங்கள் புளோக்கில் போன வாரம் ஒரு நாள் லிஃப்ட் ஓடவில்லை. அம்மா ஈரச்சந்தையிலிருந்து தள்ளுவண்டியோடு வந்து கீழே திகைத்து நின்றிருக்கிறார். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை என்று இரண்டு அமெரிக்கப் பையன்கள் வந்து வண்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆறாம் மாடிவரை தூக்கி வந்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "உள்ள வாங்க தம்பி, டீ போடுறேன்" என்று கூப்பிட்டிருக்கிறார். வாசலைத் தாண்ட மாட்டோம் என்றார்களாம். சரி, வெளியிலேயே குடிக்கட்டும் என்று இரண்டு கிளாஸ் டீயைக் கொண்டுபோய் நீட்டினால், சிரித்துக்கொண்டே அதையும் வேண்டாம் என்றுவிட்டு, பையிலிருந்த சொந்தத் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தார்களாம்.

அம்மா தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். சின்ன வயதில் ஊரில் பார்த்ததெல்லாம் மனதிலிருந்து இன்னும் போகவில்லை. "நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டாங்களா?" என்று மூன்று நாளாக இதே பேச்சு. ஒரு அட்டை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இருவர் பெயருக்கு முன்னாலும் 'எல்டர்' என்று இருக்கிறது. மூப்பர் என்று அர்த்தம் சொன்னேன், "மீசையே முளைக்கல, மூப்பராம்" என்கிறார். ஆனாலும் சனிக்கிழமை ராத்திரி சாப்பிடக் கூப்பிட வேண்டுமாம். கூப்பிட்டால் வருவார்களா? என்ன சமைப்பது?

தேக்கா_குமார்:

இது சிங்கப்பூரில் தடை செய்த கூட்டம் இல்லையா? பார்த்து இருங்கள். சோறு போட்டால் ஞானஸ்நானம் கொடுக்காமல் விடமாட்டார்கள்.

தாவோபோ:

குமார் அண்ணே, நீங்கள் சொல்வது யெகோவாவின் சாட்சிகள். தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பணிக்கு) மறுத்ததால் 1972ல் பதிவு ரத்தானது அவர்களுக்கு. மலர் அக்கா சொல்வது மார்மன் என்கிற சபையின் ஊழியக்காரப் பையன்களை. இந்தப் பேரை இப்போது சபையில் விரும்புவதில்லை, முழுப்பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை', அதைத் தட்டச்சு செய்ய எனக்குப் பொறுமை இல்லை. புக்கித் தீமா சாலையில் பகிரங்கமாகக் கட்டடமே இருக்கிறது. நான் இரண்டு வருடம் தேசிய சேவையை ஒழுங்காக முடித்தவன். அப்புறம் 2017லிருந்து 2019 வரை அதே கறுப்புப் பட்டையைக் குத்திக்கொண்டு பிலிப்பீன்சில் சபை ஊழியத்துக்காக அலைந்தேன்.

அக்கா, முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அன்றைக்கு வீட்டில் அவர் தனியாக இருந்திருப்பார். பெண் ஒருவர் தனியாக இருக்கும் வீட்டுக்குள் பையன்கள் போகக்கூடாது என்பது விதி, அறுபது வயது அம்மாவானாலும் சரி. பெரிய ஆம்பிளை ஒருவர் கூட இருந்தால் வருவார்கள். டீயும் காப்பியும் அவர்கள் எந்த வீட்டிலும் தொடமாட்டார்கள், சொந்த வீடானாலும். இதில் அம்மாவைத் தள்ளிவைத்தது ஒன்றுமில்லை.

வாசலில் நிற்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். நான் இருந்த ஊரில் கதவைத் தட்ட மாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று "தாவோ போ!" என்று குரல் கொடுக்க வேண்டும். 'தாவோ' என்றால் மனுஷன். 'போ' மரியாதைக்கு, நம்முடைய 'ங்க' மாதிரி. மனுஷனுங்க! என்னோடு ஜோடியாக ஊழியம் செய்த கூட்டாளி அமெரிக்காவின் யூட்டாக்காரன். அவன் குரல் கொடுத்தால் பிள்ளைகள் ஓடிவரும், நான் கொடுத்தால் வீடே கப்சிப். இரண்டு வாரம் கழித்துத்தான் விளங்கியது. அங்கே இந்திய முகம் என்றால் 'பும்பாய்', அதாவது மோட்டார் சைக்கிளில் வந்து வட்டி வசூலிக்கிற ஆள். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும், 'ஃபைவ் சிக்ஸ்' என்பார்கள். அடம்பிடிக்கிற பிள்ளையைக்கூட 'பும்பாய் சாக்குல போட்டுட்டுப் போயிடுவான்' என்றுதான் மிரட்டுவார்கள்.

ஒரு மத்தியானம் ஒரு பொடியன் வந்து "அம்மா வீட்டில் இல்லை" என்றான். கதவுக்குத் தொங்கவிட்ட துணிக்கு அடியில் சிவப்பு ரப்பர் செருப்போடு அம்மாவின் கால் இரண்டும் தெரிகிறது. பெயர்ப்பட்டையைத் தூக்கிக் காட்டி, எனக்குத் தெரிந்த அரைகுறை தகாலோக் மொழியில் "கடன் கேக்க வரல" என்றேன். துணிக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். அதற்கப்புறம் வாரம் தவறாமல் எங்களுக்குக் கருவாடு பொரித்துப் போட்டது அந்த அம்மாதான். கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை, குமார் அண்ணன் கவனிக்க.

மற்றபடி பெரிய விசேஷமான வாழ்க்கை என்று நினைக்காதீர்கள். காலை 6:30க்கு எழுந்து வேதம் படிக்க வேண்டும், பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். நடுவில் நடை, நடை, நடைதான். கூட்டாளியைக் கண்ணில் படாத தூரத்தில் விடக்கூடாது. குறட்டை விடுகிறவன் அமைந்தால் அது உங்கள் விதி. சம்பளம் கிடையாது, நாம்தான் மாதம் 400 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும் (2020லிருந்து 500). போவதற்கு முன் எட்டு மாதம் கிடங்கில் பெட்டி தூக்கிச் சேர்த்த காசு எனக்கு. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்கு மின்னஞ்சல் எழுத. போன் பேச்சு வருடத்துக்கு இரண்டே தடவை, கிறிஸ்துமசுக்கும் அன்னையர் தினத்துக்கும். 2019 பிப்ரவரியில் திடீரென்று வாராவாரம் பேசலாம் என்று விதியை மாற்றினார்கள். முதல் வாரம் கூப்பிட்டேன். இரண்டு வருடக் கதை இருக்கும் என்று நினைத்தால், என் அம்மா "என்னடா சாப்பிட்ட?" என்றார். கருவாடு என்றேன். "ம்" என்றார். அப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமே வரவில்லை. ஆனால் யாரும் போனை வைக்கவில்லை.

சமையல் விஷயம்: மீன், கோழி, எதையும் சாப்பிடுவார்கள். டீக்குப் பதிலாக மைலோ. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம், அதையொட்டிய சனிக்கிழமை ராத்திரி வேண்டாம். ஒன்பது மணிக்குள் அனுப்பிவிடுங்கள், பாவம் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

உட்லண்ட்ஸ்_ராணி:

பண்டோங் கொடுக்கலாமா? அதில் டீ இல்லையே.

தாவோபோ:

ரோஸ் சிரப்பும் பாலும்தானே, தாராளமாக. ஒரு ஜாடி குடிப்பார்கள்.

மலர்_ஈசூன்:

வந்தார்கள். அண்ணன் வீட்டில் இருந்தார், அதனால் வாசலில் செருப்பை... இல்லை, பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்புச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள். ஒருவனுக்குச் சாக்ஸில் ஓட்டை, பெருவிரல் எட்டிப்பார்த்தது. அம்மா மீன் குழம்பும் அப்பளமும் வைத்தார். உறைப்பு தாங்காமல் ஒருவனுக்கு மூக்கு ஒழுகியது, ஆனாலும் மறுசோறு கேட்டான். அம்மா சாமியறையைக் காட்டி, "நான் முருகனை விட்டு எங்கயும் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். பரவாயில்லை என்று தலையாட்டினார்கள். அவர்களுடைய வேதநூலான மார்மன் புத்தகத்தைத் தமிழில் கொடுத்தார்கள். இப்போது டிவிக்குக் கீழே இருக்கிறது.

எட்டே முக்காலுக்கு எழுந்து, தட்டைக் கழுவுகிறோம் என்று நேரே சமையலறைக்குள் போய்விட்டார்கள். அம்மா பதறிப்போய் ஸ்பாஞ்சைப் பிடுங்கிக்கொண்டார். விருந்தாளி தட்டுக் கழுவினால் அவருக்கு மூன்று நாள் தூக்கம் வராது. அடுத்த முறை எப்படிச் சமாளிப்பது, தம்பி?