தம்பிகள் நாட்டைப் பங்கு போட்டுவிடுகிறார்கள், என்ன செய்யலாம்?

குழித்துறைக்காரன்:
குரூசேடர் கிங்ஸ் 3 கணினி விளையாட்டில் 1066இல் தெற்கே ஒரு சின்ன ராஜாவாகத் தொடங்கி பக்கத்து நாட்டையும் பிடித்தாயிற்று. போரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ராஜா கண்ணை மூடியதும் இரண்டாவது மகன் பிடித்த நாட்டோடு தனி ராஜாவாகப் போய்விடுகிறான், மூன்றாமவன் தலைநகரை ஒட்டிய ஊரை எடுத்துக்கொள்கிறான், போதாததற்குப் பெரிய சிற்றரசர்கள் இரண்டு பேர் அவனை அரியணையில் ஏற்றக் கோஷ்டி சேர்க்கிறார்கள். சொந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு எப்படி அண்ணே ஆடுகிறீர்கள்?

தக்கலை_தளவாய்:
பாகப்பிரிவினைச் சட்டம் அப்படித்தான் தம்பி. மூத்தவனுக்கே முழுதும் போகும் முறை 1200க்குப் பிறகுதான் கைக்கு வரும். அதுவரை உயிரோடு இருக்கும்போதே நீயே பிரித்துக் கொடு. எல்லையில் கிடக்கிற வறண்ட ஊர்களை இளையவர்களுக்கு எழுதிவைத்தால் அது அவர்கள் பங்கில் கழிந்துவிடும், தலைநகர்ப் பக்கம் தப்பிக்கும். முடிந்தால் பேரரசர் பட்டத்தையும் வாங்கிவிடு, அப்புறம் இளையவன் ராஜாவானாலும் அண்ணனுக்குக் கீழேதான்.

சிற்றரசர்களில் பலமானவனுக்குச் சபையில் இடம் கொடு, இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான். பெண் கொடுத்துக் கூட்டணி வைத்தால் உனக்கு எதிரான கோஷ்டியில் சேர முடியாது.

நம்ம ஊர்க் கதையும் இதுதானே. 1729இல் திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா, மாமனுக்குப் பின் மருமகன் என்கிற மருமக்கத்தாயப்படி பட்டத்துக்கு வந்தார், முந்தைய ராஜாவின் மகன்களான தம்பிமார் எங்களுக்குத்தான் உரிமை என்று நின்றார்கள், எட்டுவீட்டில் பிள்ளைமார் என்கிற பலமான எட்டுக் குடும்பத்துப் பிரபுக்கள் அவர்கள் பக்கம். அவர் எட்டுவீட்டாரை ஒழித்தே கட்டினார். ஆட்டத்தில் காரணமில்லாமல் அதைச் செய்தால் கொடுங்கோலன் என்று மற்றவர்களும் முறைப்பார்கள். அவர்களே கிளம்பட்டும், தோற்கடித்துச் சிறையில் போட்டபின் நிலத்தைப் பிடுங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

சித்தூர்_சின்னவன்:
மகன்களை மட்டும் பார்த்தால் போதாது, மகள்களை எங்கே கட்டிக்கொடுக்கிறாய் என்றும் பார். ராஜேந்திர சோழன் மகள் அம்மங்கை ஆந்திரத்து வேங்கி நாட்டு ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டாள், அவள் மகன்தான் 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். எங்க ஆந்திரப் பக்கத்துப் பேரன்!

குழித்துறைக்காரன்:
சரி, மூன்றாமவனுக்கு வடக்கு எல்லையைக் கொடுத்துவிட்டேன். முறைத்துக்கொண்டே திரிகிற சித்தப்பாவுக்குச் சூழ்ச்சியில்தான் திறமை அதிகம், ஒற்றர் தலைவராகப் போடலாமா?

தக்கலை_தளவாய்:
ஐயோ, அது மட்டும் வேண்டாம். உன்னைக் கொல்ல நடக்கும் சதியைக் கண்டுபிடிக்கிற வேலையே அவனுடையது. கணக்குப்பிள்ளையாகப் போடு, வரி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.