மலைப்பாம்புக்குக் கால் மரபணு அப்படியே இருக்கிறது, அப்புறம் கால் எங்கே? எங்கே தப்பு செய்கிறேன்?

தவளைக்கண்:
எம்.எஸ்ஸி. புராஜெக்ட். பாம்புக்குக் கால் ஏன் போனது என்பதை ஜீனோமில், அதாவது அதன் முழு டிஎன்ஏ வரிசையில், காட்ட வேண்டும். கரு வளரும்போது கால் மொட்டில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணு வேலை செய்தால்தான் கால் முழுசாக வரும் என்று படித்தேன், அதனால் எலி, கோழி, பர்மிய மலைப்பாம்பு மூன்றிலும் அந்த மரபணு தரும் புரதத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒப்பிட்டு அலைன்மென்ட் போட்டேன். முன்பாதி மூன்றிலும் கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்! சரி, மரபணுவை ஏற்றி அணைக்கும் சுவிட்சில்தான் பிரச்சினை என்று மரபணுவுக்கு முன்னால் இருக்கும் 10,000 டிஎன்ஏ எழுத்தை எடுத்து, ஒத்த வரிசையைத் தேடித் தரும் பிளாஸ்ட் கருவியில் போட்டேன். உருப்படியாக ஒன்றும் சிக்கவில்லை. திங்கட்கிழமை கைடிடம் காட்ட வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

பழைய_லேப்காரன்:
புரதம் மாறாமல் இருப்பதில் ஆச்சரியமே இல்லை தம்பி. இதே மரபணுதான் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வேண்டும். எலியில் இதை முழுசாக எடுத்துவிட்டால் கருவுக்கு முகத்தின் நடுவில் ஒற்றைக் கண்தான் வரும், அதுவும் பிழைக்காது. ஆகவே பரிணாமம் மரபணுவில் கை வைத்தால் பாம்பே மிஞ்சாது. கால் மொட்டில் மட்டும் அதை ஏற்றி அணைக்கிற சுவிட்ச் ஒன்று தனியாக இருக்கிறது, இசட்ஆர்எஸ் என்று பெயர், அதில் கை வைத்தால் கால் மட்டும்தான் போகும்.

நீங்கள் தேடிய இடம்தான் தப்பு. அந்த சுவிட்ச் (என்ஹான்சர் என்பார்கள்) மனிதனில் சுமார் 10 லட்சம் எழுத்து தள்ளி, எல்எம்பிஆர்1 என்ற வேறொரு மரபணுவின் ஐந்தாவது இன்ட்ரானுக்குள் (புரதமாக மாறாத இடைத்துண்டு) உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்குள் நம் வீட்டு சுவிட்ச். டிஎன்ஏ மடிந்து வளைந்து இரண்டும் கிட்டே வருவதால் வேலை நடக்கிறது. நீளம் 800 எழுத்து அளவுதான், ஒரே ஒரு எழுத்து மாறினாலும் கூடுதல் விரல் முளைக்கலாம். ஃப்ளோரிடா கீ வெஸ்ட்டில் இருக்கும் ஆறு விரல் ஹெமிங்வே பூனைகளுக்கு அப்படித்தான் ஆனது.

தவளைக்கண்:
அண்ணா, ஜீனோம்களை இணையத்தில் காட்டும் யூசிஎஸ்சி பிரவுசரில் எலியின் அந்த இன்ட்ரானுக்குப் போனேன், பல விலங்குகளில் மாறாமல் இருக்கும் இடங்களைக் காட்டும் கன்சர்வேஷன் வரிசையில் நடுவே ஒரு மேடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது, அதுதானே? அந்தத் துண்டை மலைப்பாம்பு ஜீனோமில் பிளாஸ்ட் செய்தால் 'நோ சிக்னிஃபிகன்ட் சிமிலாரிட்டி' (ஒற்றுமை இல்லை) என்கிறது. அப்படியானால் பாம்பில் அது மொத்தமாக அழிந்துவிட்டது என்று எழுதலாமா?

இரவுப்பறவை:
எழுதிவிடாதீர்கள்!! எந்த பிளாஸ்ட் போட்டீர்கள்? மாற்றாமல் விட்டால் அது மெகாபிளாஸ்ட், தொடர்ச்சியாக 28 எழுத்து அச்சு அசலாகப் பொருந்தினால்தான் திரும்பிப் பார்க்கும். எலியும் பாம்பும் பிரிந்து 30 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது, அங்கே 28 எழுத்துக்கு எங்கே போவது? 'சம்வாட் சிமிலர் சீக்வென்சஸ்' என்று கீழே இருக்கும், அதை எடுத்து வேர்ட் சைஸை (தொடர்ந்து பொருந்த வேண்டிய எழுத்துகளின் எண்ணிக்கை) 11 ஆக்குங்கள், அப்போதும் வரவில்லை என்றால் 7. முடிந்தால் எலிக்குப் பதிலாக அனோல் பல்லியின் துண்டை வைத்துத் தேடுங்கள், உறவு கிட்டே, கால்களும் உண்டு.

தவளைக்கண்:
வந்துவிட்டது! பல்லித் துண்டை வைத்து 11-இல் தேடினேன், மலைப்பாம்பில் நன்றாகவே பொருந்துகிறது, ஆனால் நடுவில் பாம்புக்கு மட்டும் ஒரு ஓட்டை. எண்ணினேன், 17 எழுத்து.

பழைய_லேப்காரன்:
அந்த 17-தான் விஷயம். 2016-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எலியின் இசட்ஆர்எஸ்ஸை எடுத்துவிட்டுப் பாம்பினுடையதை வைத்தார்கள், எலிக்குக் கால் கட்டையாக நின்றுவிட்டது. அப்புறம் மலைப்பாம்புத் துண்டில் விட்டுப்போன 17 எழுத்தைத் திரும்பச் சேர்த்து வைத்தபோது கால் ஒழுங்காக வளர்ந்தது. அலைன்மென்ட் ஒரு சந்தேகத்தை எழுப்புவதோடு சரி, அதை நிரூபித்தது அந்த எலிகள். உங்கள் அறிக்கையில் இந்த இரண்டையும் பிரித்து எழுதுங்கள், கைடு முதலில் கேட்கப்போவது அதுதான்.

இரவுப்பறவை:
ஒன்று மட்டும் சரிபாருங்கள். அந்த ஓட்டையின் இரண்டு பக்கமும் உண்மையான எழுத்து இருக்கிறதா, இல்லை வரிசையாக 'என்' (N) நிற்கிறதா? 'என்' என்றால் சீக்வென்சிங்கில் படிக்க முடியாமல் விட்ட இடம், அதை இழப்பு என்று சொல்ல முடியாது. நான் ஒரு முறை இதில் மாட்டி மூன்று வாரம் வீணாக்கினேன். போவா பாம்பிலும் அதே 17 இல்லையா என்று பார்த்துவிட்டால் நிம்மதி.

தவளைக்கண்:
'என்' ஒன்றுகூட இல்லை, போவாவிலும் அதே இடத்தில் அதே 17 காணோம். ஆனால் ராஜநாகத்தில் போட்டால் துண்டு துண்டாகத்தான் பொருந்துகிறது, மறுபடியும் ஏதாவது செட்டிங் தப்பா?

பழைய_லேப்காரன்:
செட்டிங் சரிதான். மலைப்பாம்புக்கும் போவாவுக்கும் இடுப்பெலும்பின் மிச்சமும் வாலடியில் முள் மாதிரி இரண்டு நுனியும் இன்னும் இருக்கின்றன, நாகத்துக்கு அதுவும் இல்லை. அதனால் அந்தத் துண்டு அங்கே இன்னும் சிதைந்துதான் இருக்கும். ராஜநாகத்தின் அலைன்மென்ட் படத்தையும் அறிக்கையில் சேர்த்துவிடுங்கள்.