சிங்கம் பொறித்த மஸ்கெட் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்ததா?

அல்சூர்வாசி:
நம் பெங்களூர்க்காரர் ஒருவர் தம்மிடமுள்ள ஃபிளிண்ட்லாக் மஸ்கெட்டை (சக்கிமுக்கிக்கல் உரசிச் சுடும் பழைய நீளத் துப்பாக்கி) படம் எடுத்துப் போட்டு, "1799-இல் திப்புவின் கோட்டைக்குள் நுழைந்த கம்பெனித் துப்பாக்கி" என்று எழுதியிருக்கிறார். பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. லாக், அதாவது சுட வைக்கும் இயக்கப் பகுதி, அதன் வெளித் தட்டில் சிங்கம் பளிச்சென்று தெரிகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி சிங்கத்தைப் பொறிக்க ஆரம்பித்ததே 1808 வாக்கில்தான். அதற்கு முன்னால் இருந்தது இதய வடிவ முத்திரை. திப்பு இறந்து ஒன்பது வருடம் கழித்து வந்த சிங்கம் அந்தப் போரில் எப்படி இருக்கும்?

கண்டோன்மென்ட்1799:
அது என் துப்பாக்கிதான் சார். குழல் 39 அங்குலம், இந்தியா பேட்டர்ன். கம்பெனியின் இந்த மாதிரியை பிரிட்டிஷ் ராணுவமே 1797-இல் எடுத்துக்கொண்டது. கணக்குச் சரியாகத்தானே வருகிறது?

அல்சூர்வாசி:
மாதிரி பழையது என்றால் உங்கள் துப்பாக்கியும் பழையதாகிவிடுமா? அதே மாதிரியை 1815 வாட்டர்லூ போர்க் காலத்திலும் லட்சக்கணக்கில் செய்தார்கள். நான் கேட்டது சிங்கத்தைப் பற்றி.

கேஜிஎஃப்காரன்:
லாக்கைப் பிற்பாடு மாற்றியிருக்கலாமே? இரண்டு திருகைக் கழற்றினால் லாக் கையோடு வந்துவிடும். ஆயுதக் கிடங்கில் அன்றாடம் நடந்த வேலை அது.

அல்சூர்வாசி:
அந்தக் காலத்து லாக் ஒவ்வொன்றும் கையால் ராவிச் செய்தது. வேறு லாக்கை மாட்டினால் கட்டையில் வெட்டிய பள்ளத்தோடு அப்படியே பொருந்தாது, எங்காவது இடைவெளி காட்டிக்கொடுக்கும். படத்தில் மயிரிழை இடைவெளி கூட இல்லை. சிங்கம் அங்கேயே பிறந்த சிங்கம்.

ஜெயநகர்_பெரியவர்:
சிங்கம் கிடக்கட்டும். குழலைக் கல்யாண வீட்டு வெள்ளிக்குடம் மாதிரி தேய்த்து வைத்திருக்கிறாரே, அதை ஒருவரும் கேட்க மாட்டீர்களா? இருநூறு வருடத்து நிறம் போய்விட்டது. பழம்பொருளைக் கெடுக்கிற வேலை இது.

கண்டோன்மென்ட்1799:
ஐயா, சிப்பாய்கள் செங்கல்பொடி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாகவே வைத்திருந்தார்கள். எதுவும் தெரியாமல் திட்டாதீர்கள்.

ஜெயநகர்_பெரியவர்:
சிப்பாய் தேய்த்தது அவன் கடமை. நீங்கள் தேய்த்தது விலை ஏற்ற.

கேஜிஎஃப்காரன்:
லைசென்ஸ் இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? 1959 ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவைப் படியுங்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான் விலக்கு. இவருடையதில் குதிரை (கல்லைப் பிடித்து அடிக்கும் பாகம்), சக்கிமுக்கிக்கல் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

கண்டோன்மென்ட்1799:
குடகுக்காரர்கள் வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறார்களே, அவர்களைக் கேளுங்களேன்.

கேஜிஎஃப்காரன்:
அவர்களுக்குச் சட்டப்படியே விலக்கு இருக்கிறது. உங்களுக்கு இருக்கிறதா?

அல்சூர்வாசி:
பேச்சை மாற்றாதீர்கள். இவர் போன வருடமும் இப்படித்தான். திப்புவின் துப்பாக்கி என்று ஒன்றைக் காட்டினார். அதில் திப்புவின் சின்னமான புலிவரி புதிதாக வெட்டியது என்று சொன்னேன், அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. இப்போது புலி போய்ச் சிங்கம் வந்திருக்கிறது. லாக்கைக் கழற்றி உட்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.

கண்டோன்மென்ட்1799:
உங்களுக்காக எதற்குக் கழற்ற வேண்டும்? திருகின் தலை தேய்ந்துபோனால் நீங்கள் வந்து செய்து தருவீர்களா? எங்கள் கொள்ளுத்தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். இது அவர் வழியாக வந்த துப்பாக்கி.

அல்சூர்வாசி:
கொள்ளுத்தாத்தா 1799-இல் பிறந்திருக்கவே மாட்டார். லாக்கில் இருப்பது சிங்கமா, இதயமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஜெயநகர்_பெரியவர்:
செங்கல்பொடியா, உப்புத்தாளா? அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.